பழைய மாணவர் சந்திப்பும் ‘அதே ஆள்’ என்னும் கேள்வியும்

பள்ளியை விட்டு இருபத்தைந்து, நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஆன பிறகு, ஒரே வகுப்பில் படித்தவர்கள் ஒரு நாள் கூடிப் பேசி, உண்டு, பிரிவது தமிழ்நாட்டில் இன்று ஊருக்கு ஊர் நடக்கும் நிகழ்ச்சியாகிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவராகத் தேடிச் சேர்க்கிறார்கள். கோடை விடுமுறையிலோ பொங்கலை ஒட்டியோ ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கிறார்கள். படித்த பள்ளியிலோ கல்யாண மண்டபத்திலோ கூடுகிறார்கள். வந்திருக்கும் ஆசிரியர்களுக்குப் பொன்னாடை, மறைந்த தோழர்களுக்கு மௌன அஞ்சலி, குழுப்படம், அதன்பின் விருந்து. 1978-இல் மேல்நிலைப் படிப்பு வருவதற்கு முன்பு பதினோராம் வகுப்போடு பள்ளியை முடித்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். ஓய்வு பெற்ற கையோடு இத்தகைய சந்திப்புகளை நடத்துவதில் அவர்கள் முன்னிற்கிறார்கள்.

இந்த விருந்தின் முதல் சில நிமிடங்கள் ஒரு பழைய தத்துவச் சிக்கலைக் கண்முன் நிறுத்துகின்றன. வழுக்கைத் தலையும் மூக்குக்கண்ணாடியுமாக வாசலில் நிற்பவரை ஒருவர் உற்றுப் பார்க்கிறார். சற்றுத் தயங்கி, ‘டேய், நீயா!’ என்கிறார். அன்றைய அவன்தான் இன்றைய இவன் என்ற முடிவு அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. ஆனால் அன்றைய சிறுவனிடம் இருந்த எது இன்று அப்படியே இருக்கிறது? உடல், குரல், தொழில், நம்பிக்கைகள் எல்லாம் மாறிவிட்டன. எல்லாம் மாறிய பிறகும் ‘அதே ஆள்’ என்று சொல்வதற்கு ஆதாரம் என்ன? அதே ஆள் இல்லையென்றால் அன்றைய நட்புக்கும் நன்றிக்கும் தீங்குக்கும் இன்று பொறுப்பேற்க வேண்டியவர் யார்? இந்தியத் தத்துவ மரபுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாதிட்ட கேள்வி இது. மேலை நாட்டுத் தத்துவத்தில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இது தனிப் பொருளாக ஆராயப்பட்டு வருகிறது.

முகமும் குணமும்

‘அதே ஆள்’ என்பதற்கு எளிதில் தோன்றும் ஆதாரம் உடல். ஆனால் உடல் தொடர்ந்து தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. இரத்தச் சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். தோலின் மேலடுக்கு சில வாரங்களில் மாறிவிடுகிறது. மறுபுறம், பெருமூளைப் புறணியின் நரம்பணுக்களில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் இருக்கின்றன. கண்வில்லையின் நடுப்பகுதியில் உள்ள புரதங்கள் பிறப்பதற்கு முன்பே உருவாகி இறுதிவரை நீடிக்கின்றன. ஆகவே உடல் முழுவதும் மாறிவிடுகிறது என்பதும் சரியில்லை. உடல் அப்படியே இருக்கிறது என்பதும் சரியில்லை.

முகத்தை அடையாளம் காணும் திறன் வியப்பூட்டும் அளவுக்கு வலுவானது. அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக்கும் அவருடைய குழுவினரும் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த 392 பேரின் நினைவைச் சோதித்தார்கள். அவர்களுடைய பள்ளி ஆண்டு மலர்களின் படங்களே சோதனைப் பொருள். பள்ளியை விட்டுப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இருந்தவர்கள் ஏறத்தாழ 90 விழுக்காடு முகங்களைச் சரியாகக் கண்டுகொண்டார்கள். 48 ஆண்டுகள் ஆனவர்களிடம்கூட அது ஏறத்தாழ 70 விழுக்காடாக இருந்தது. எதையும் காட்டாமல் வகுப்புத் தோழர்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னபோது மட்டும் நினைவு வெகுவாகத் தடுமாறியது. பெயர் வரவில்லையே என்று சந்திப்பில் திணறுபவர், முகத்தைக் கண்டதும் சிரித்துவிடுவது இதனால்தான். ஆனால் இந்தச் சோதனை காட்டியவை அன்றைய இளம் முகங்கள். விருந்தில் கிடைப்பதோ இன்றைய முகம். அதற்குள் பழைய முகத்தைத் தேடிப் பிடிக்கும் வேலையைக் காண்பவரின் மனம் தானே செய்துகொள்ள வேண்டும்.

குணம் முகத்தைப் போல எளிதில் பிடிபடுவதில்லை. ஸ்காட்லாந்தில் 1950-இல் பதினான்கு வயது மாணவர் 1,208 பேரின் தன்னம்பிக்கை, விடாமுயற்சி, மனநிலையின் நிதானம், கடமையுணர்வு, புதுமை நாட்டம், கற்கும் ஆர்வம் ஆகிய ஆறு குணங்களை அவர்களுடைய ஆசிரியர்கள் மதிப்பிட்டார்கள். அவர்களில் 174 பேரை ஏறத்தாழ எழுபத்தேழு வயதில் மீண்டும் மதிப்பிட்டார்கள். இந்த முறை மதிப்பிட்டவர்கள் அவர்களே; கூடவே அவர்களை நன்கு அறிந்த ஒருவரும். 2016-இல் வெளியான முடிவுகளில், இளமையின் குணத்துக்கும் முதுமையின் குணத்துக்கும் இடையே குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. மறுமுறை கிடைத்தவர்கள் சிலரே. மதிப்பிட்டவர்களும் வேறு. எனவே இதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. என்றாலும் ‘அவன் அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்’ என்று பந்தியில் அடிக்கடி கேட்கும் பேச்சை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கு இது போதுமான எச்சரிக்கை. முகத்தை அறிந்துகொண்டதும் குணத்தையும் அறிந்துகொண்டதாக எண்ணுவதே இந்தச் சந்திப்புகளில் நேரும் முதல் பிழை.

கண்டவனே தொடுகிறான்: நியாயத்தின் வாதம்

முன்பு அறிந்த ஒன்றை மீண்டும் காணும்போது ‘அதுவே இது’ என்று எழும் அறிவை இந்தியத் தத்துவ நூல்கள் தனி அறிவாக எடுத்து ஆராய்ந்தன. அது வெறும் நினைவு அன்று. நினைவில் கடந்தது மட்டுமே இருக்கும். வெறும் காட்சியும் அன்று. காட்சியில் நிகழ்வது மட்டுமே இருக்கும். இந்த அறிவில் இரண்டும் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன.

இதை ஆன்மா உண்டு என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டது நியாய மரபு. நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் ஓர் எளிய செய்தியிலிருந்து தொடங்குகிறது. கண்ணால் கண்ட பொருளையே கையாலும் தொட்டு, ‘நான் கண்டதையே இப்போது தொடுகிறேன்’ என்று ஒருவர் அறிகிறார். கண் தொடுவதில்லை, கை காண்பதில்லை. இரண்டையும் தன்னுடையதாக அறியும் ஒருவர் இரண்டுக்கும் பொதுவாக இருந்தாக வேண்டும். காலத்துக்கும் இது பொருந்தும். ஒருவர் கண்டதை இன்னொருவர் நினைவுகூர முடியாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு முகத்தைக் கண்டவரும் இன்று அதே முகத்தை அறிந்துகொள்பவரும் வேறு வேறு ஆட்களாயின், ‘நான் இவனை அறிவேன்’ என்ற எண்ணமே எழ வழியில்லை.

இந்த வாதத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘நீதானே அவன்?’ என்ற கேள்வி வெளிப்பார்வைக்கு எதிரில் நிற்பவரைப் பற்றியது. நியாயத்தின்படி அது முதலில் உறுதிசெய்வது கேட்பவரின் தொடர்ச்சியை. பிறரை அடையாளம் காணும் ஒவ்வொரு முறையும், தான் அன்றும் இருந்ததை ஒருவர் தன்னையறியாமலே ஒப்புக்கொள்கிறார். பழைய தோழர்களைக் காணும்போது உண்டாகும் தனி மகிழ்ச்சிக்கு இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. அவர்களைக் கண்டெடுப்பதோடு தன்னையும் ஒருவர் அங்கே கண்டெடுக்கிறார்.

விளக்குச் சுடரும் மாம்பழத் திருடனும்: பௌத்தத்தின் மறுமொழி

எல்லாப் பொருளும் கணந்தோறும் தோன்றி அழிகின்றன என்ற பௌத்தர்கள் நியாயத்தின் முடிவை ஏற்கவில்லை. வெட்டிய நகமும் மழித்த தலைமயிரும் மீண்டும் வளர்ந்தால் அவற்றையும் ‘அதே நகம், அதே மயிர்’ என்றே சொல்கிறோம். உண்மையில் அவை வேறு. ஒத்த தோற்றமும் இடையறாத தொடர்ச்சியும் இருந்தால் மனம் அவற்றை ஒன்றென்று பிழையாகக் கொள்கிறது. ஆள் விஷயத்திலும் நடப்பது இதுவே என்பது அவர்களுடைய மறுமொழி.

இந்த நிலைப்பாட்டைத் தெளிவாக விளக்கும் பழைய நூல்களில் ஒன்று மிலிந்தனின் வினாக்கள் என்று அறியப்படும் பாலி மொழி நூல். வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க வழி மன்னன் மினாண்டருக்கும் (பாலியில் மிலிந்தன்) நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்த உரையாடலாக அது அமைந்திருக்கிறது. மறுபிறவி எடுப்பவன் அதே ஆளா, வேறு ஆளா என்று மன்னன் கேட்கிறான். நாகசேனர் பதிலுக்கு, தொட்டிலில் மல்லாந்து கிடந்த குழந்தையும் இன்றைய மன்னனும் ஒருவர்தானா என்று கேட்கிறார். வேறு வேறு என்கிறான் மன்னன். அப்படியானால் உனக்குத் தாயும் இல்லை, ஆசிரியரும் இல்லை; கல்வி கற்பவன் ஒருவன், கற்று முடித்தவன் வேறொருவன் என்றாகிவிடுமே என்று நாகசேனர் மடக்குகிறார். இரவு முழுவதும் எரியும் விளக்கின் சுடர் முதல் யாமத்திலும் கடை யாமத்திலும் அதே சுடர் அன்று. ஆனால் வேறொரு விளக்கின் சுடரும் அன்று. பால் தயிராகி, வெண்ணெயாகி, நெய்யாவதும் அப்படியே. அதே ஆள் என்பதும் பிழை, வேறு ஆள் என்பதும் பிழை என்பதே அவர் முடிவு.

இதனால் பொறுப்பு அற்றுப்போவதில்லை. அதே நூலில் மாம்பழத் திருடன் ஒருவன் வருகிறான். தோட்டக்காரன் நட்டது விதை, தான் பறித்தது பழம், இரண்டும் வேறு, ஆகவே தான் குற்றவாளி இல்லை என்கிறான் அவன். மன்னனே அதை ஏற்கவில்லை. அந்த விதையிலிருந்து வந்ததே இந்தப் பழம். எனவே தண்டனை உண்டு. ஆன்மா என்று நிலையான ஒன்று இல்லாவிட்டாலும், காரணமும் விளைவுமாகத் தொடரும் சங்கிலி இருந்தால் பொறுப்புக்கு அது போதும்.

தமிழிலும் இந்த வாதம் நெடுங்காலம் நடந்தது. மணிமேகலை பௌத்தத்தின் பக்கம் நின்று பல சமயத்தாரின் கொள்கைகளையும் அளவை நெறியையும் விரிவாகப் பேசுகிறது. சமண நூலான நீலகேசி குண்டலகேசியின் பௌத்தத்தை மறுக்கத் தனிச் சருக்கமே அமைத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தப் பிரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார்.

இரண்டுக்கும் நடுவே

சமணர்கள் இரு தரப்பிலும் பாதி உண்மை இருப்பதாகக் கண்டார்கள். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் உள்பொருளுக்குத் தோற்றம், அழிவு, நிலைபேறு ஆகிய மூன்றையும் ஒருங்கே கூறுகிறது. பொற்குடத்தை அழித்து முடி செய்தால் குடம் அழிகிறது, முடி தோன்றுகிறது, பொன் நிலைக்கிறது. மாணவன் என்ற நிலை அழிந்தது, தாத்தா என்ற நிலை தோன்றியது. உயிர் நிலைத்தது என்று இதை விரிக்கலாம்.

அத்வைத வேதாந்தம் இந்தச் சந்திப்பையே தன் தலையாய எடுத்துக்காட்டாகக் கொண்டது என்று சொல்லலாம். முன்பு வேறோர் ஊரில் கண்ட தேவதத்தனை இப்போது இங்கே கண்டு, ‘அவனே இவன்’ என்று ஒருவர் சொல்வது அந்த மரபில் மீண்டும் மீண்டும் ஆளப்படும் உதாரணம். ‘அன்று, அங்கே’ என்பதும் ‘இன்று, இங்கே’ என்பதும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. பொருந்தாத இரண்டையும் தள்ளிவிட்டு, எஞ்சும் ஆளை மட்டும் மனம் பற்றுகிறது. சீவனும் பிரமமும் ஒன்று என்று கூறும் மகாவாக்கியத்தையும் இப்படித்தான் பொருள்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் விளக்கம். வாசலில் நடக்கும் ஒரு சாதாரண அடையாளம் காணல், வீடுபேற்றை விளக்கும் கருவியாகிவிடுகிறது. காஷ்மீரச் சைவர்களோ இன்னும் ஓரடி சென்று, தன்னைச் சிவமென மீண்டும் அடையாளம் காண்பதே விடுதலை என்று தங்கள் நெறிக்கே இந்த அறிவின் பெயரைச் சூட்டினார்கள். பத்தாம் நூற்றாண்டின் உற்பலதேவர் இந்நெறியின் முதன்மை ஆசிரியர்களில் ஒருவர்.

விருந்தில் உண்மையில் காணும் நடத்தையை விளக்க மிக நெருங்கி வருவது சைவ சித்தாந்தத்தின் ஒரு கொள்கை. மெய்கண்டார் வழிவந்த அந்த மரபில் உயிருக்குச் சார்ந்ததன் வண்ணமாதல் என்ற இயல்பு உண்டு. தான் எதைச் சார்ந்திருக்கிறதோ அதன் தன்மையை உயிர் ஏற்கிறது. மலத்தோடு சேர்ந்தால் மலத்தின் தன்மை, சிவத்தோடு சேர்ந்தால் சிவத்தின் தன்மை. வீட்டில் கண்டிப்பான மாமனாராகவும் அலுவலகத்தில் கையெழுத்துக்குக் காத்திருக்க வைத்த அதிகாரியாகவும் இருந்தவர், பழைய பெஞ்சுத் தோழர்களின் நடுவே அரை மணி நேரத்தில் பதினைந்து வயதுக்குத் திரும்பிவிடுவதை ஒவ்வொரு சந்திப்பிலும் காணலாம். சிரிப்பு மாறுகிறது, சொற்கள் மாறுகின்றன, பழைய பட்டப்பெயருக்கு அவர் தயங்காமல் ‘ஏண்டா?’ என்கிறார். அவர் நடிக்கிறார் என்று சொல்வது பொருந்தாது. உயிர் ஒன்றே, அது சேரும் இடத்துக்கேற்ப வெவ்வேறாக விளங்குகிறது. ஒருவரிடம் ஒளிந்திருக்கும் சில பக்கங்கள் குறிப்பிட்ட சில மனிதர்களின் நடுவில் மட்டுமே வெளிவருகின்றன. அந்த மனிதர்கள் மறையும்போது அந்தப் பக்கங்களும் அவர்களோடு மறைகின்றன. பழைய தோழரின் மரணச் செய்தி, ஆண்டுக்கணக்கில் பேசாதிருந்தவரையும் உலுக்குவதற்குக் காரணம் இதுவாகலாம்.

நினைவே ஆளா?

ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்குப் புது வடிவம் கொடுத்தவர் ஜான் லாக். மனித அறிவைப் பற்றிய தம் நூலின் இரண்டாம் பதிப்பில் (1694) சேர்த்த இயலில், உடலின் ஒருமையையும் ஆளின் ஒருமையையும் அவர் பிரித்தார். அரசகுமாரனின் நினைவுகள் செருப்புத் தைப்பவனின் உடலில் புகுந்தால், அந்த ஆள் அரசகுமாரனே என்றார். கடந்தகாலச் செயலைத் தன்னுடையதென்று உணரும் தன்னுணர்வு எதுவரை செல்கிறதோ அதுவரை அந்த ஆள் நீள்கிறார். ஆள் என்பது பொறுப்பும் தண்டனையும் சார்ந்த வழக்காடுமன்றக் கருத்து என்பதும் லாக்கின் துணிபு.

இதற்கு இரு வலுவான மறுப்புகள் எழுந்தன. 1736-இல் ஜோசப் பட்லர், ஒரு செயலைத் தன்னுடையதாக நினைவுகூர்வதற்கே அது தன்னுடையதாக இருந்திருக்க வேண்டும்; ஆகவே நினைவு ஒருமையைக் காட்டலாமே தவிர அதை உண்டாக்க முடியாது என்றார். 1785-இல் தாமஸ் ரீட் சொன்ன மறுப்பு ஒரு பள்ளிக்கூடக் கதை. பழத்தோட்டத்தில் திருடியதற்காகப் பள்ளியில் அடிவாங்கிய சிறுவன் வளர்ந்து படை அதிகாரியாகி எதிரியின் கொடியைக் கைப்பற்றுகிறான், முதுமையில் தளபதியாகிறான். அதிகாரிக்கு அடிவாங்கியது நினைவிருக்கிறது. தளபதிக்குக் கொடியைப் பிடித்தது நினைவிருக்கிறது. அடிவாங்கியது அடியோடு மறந்துவிட்டது. லாக்கின் கணக்குப்படி சிறுவனும் அதிகாரியும் ஒருவர், அதிகாரியும் தளபதியும் ஒருவர்; சிறுவனும் தளபதியும் மட்டும் ஒருவரல்லர். இது பொருந்தாது என்பது ரீட்டின் வாதம்.

டேவிட் ஹியூம் 1739-இல் வேறு வழியில் பௌத்தர்களின் பக்கம் வந்துசேர்ந்தார். தன்னுள் நோக்கினால் உணர்வுகளின் தொகுதியைத் தவிர ‘நான்’ என்று ஒன்றும் அகப்படவில்லை என்றார். 1984-இல் டெரெக் பார்ஃபிட் இதை முன்னெடுத்து, ஒரே ஆளா என்பது உண்மையில் முக்கியமில்லை; உளவியல் தொடர்ச்சியே முக்கியம், அதுவும் கூடியும் குறைந்தும் இருக்கும் என்று வாதிட்டார். தம் முடிவு புத்தரின் கருத்தோடு ஒத்துப்போவதை அந்த நூலின் பின்னிணைப்பிலேயே அவர் குறித்திருக்கிறார்.

மறந்தவரும் மறக்காதவரும்

ரீட்டின் தளபதி தனியாக நின்று தன் நினைவைத் தேடுகிறார். பள்ளிச் சந்திப்பில் அந்த நிலை இல்லை. அங்கே தளபதியைச் சுற்றி நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் மறந்த அடி அவர்களில் சிலருக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒருவருடைய கடந்தகாலம் அவருடைய மண்டைக்குள் மட்டும் இல்லை. அதைக் கண்டவர்களிடமும் பகிர்ந்து வைக்கப்பட்டிருக்கிறது. தத்துவ நூல்களின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தனி ஆளையே வைத்துப் பேசுவதால் இந்த உண்மை அவற்றில் எளிதில் தவறிப்போகிறது.

நினைவு குழுவைச் சார்ந்தது என்பதை முறையாக ஆராய்ந்தவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ். 1925-இல் இதைப் பற்றிய தம் முதல் நூலை வெளியிட்டார். 1945-இல் புக்கன்வால்ட் வதைமுகாமில் இறந்த அவருடைய கூட்டு நினைவு என்ற நூல் 1950-இல் வெளிவந்தது. பல ஆண்டு பாடம் நடத்திய ஆசிரியர் தம் பழைய மாணவனைச் சந்தித்தால் அடையாளம் காணவே சிரமப்படுவார் என்று அதில் அவர் காட்டுகிறார். மாணவர்களுக்கு அந்த வகுப்பு ஒரு நிலையான குழு. ஆசிரியருக்கோ ஆண்டுதோறும் கலைந்துபோன பல வகுப்புகளில் ஒன்று. எந்தக் குழுவோடு ஒட்டியிருக்கிறோமோ அந்தக் குழுவின் நினைவே நிலைக்கிறது. மேடையில் பொன்னாடை போர்த்தப்படும் ஆசிரியர் எவரையும் அடையாளம் காணாமல் எல்லோரையும் பார்த்துப் புன்னகைப்பதை நன்றியின்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பகிர்ந்த நினைவு சமமாகப் பகிரப்படுவதில்லை. கேலி செய்தவருக்கு அது ஒரு மதியநேர விளையாட்டு, மறந்துவிட்டது. கேலிக்கு ஆளானவருக்கு அது ஓராண்டுத் துயரம், மறக்கவில்லை. உடல் ஊனத்தையோ சாதியையோ வறுமையையோ குத்திய பட்டப்பெயரை, நாற்பது ஆண்டுக்குப் பின் பந்தியில் ஒருவர் பாசத்தோடு உரக்கக் கூப்பிடுகிறார். கூப்பிடப்பட்டவரின் முகம் சுருங்குகிறது. சிலர் இத்தகைய சந்திப்புகளுக்கு வராமலே இருப்பதற்கும் இதுவே காரணம். லாக்கின் கருத்தை நேராகப் பின்பற்றினால், முற்றாக மறந்தவர் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிடுவார். மறதியே குற்றத்தைக் கழுவிவிடும். நாகசேனரின் மாம்பழத் திருடனுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. இன்றைய இனிய மனிதர் அன்றைய முரட்டுச் சிறுவனிடமிருந்தே விளைந்தவர். நினைவு அறுந்தாலும் காரணச் சங்கிலி அறுவதில்லை. இந்த ஓரிடத்தில் பௌத்தமும் நியாயமும் ஒரே தீர்ப்பைத் தருகின்றன.

துரோணரும் குசேலரும்

இந்தியக் கதை மரபில் புகழ்பெற்ற இரு வகுப்புத் தோழர் சந்திப்புகள் இருக்கின்றன. இரண்டின் தொடக்கமும் ஒன்றே, முடிவுகள் நேரெதிர்.

மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் பரத்துவாசரின் ஆசிரமத்தில் துரோணரும் பாஞ்சால இளவரசன் துருபதனும் சேர்ந்து கற்கிறார்கள். ஆண்டுகள் கழித்து, மகனுக்குப் பால் வாங்கவும் வழியற்ற துரோணர், மன்னனாகிவிட்ட துருபதனிடம் சென்று தோழன் என்று சொல்லிக்கொள்கிறார். சமமானவர்களுக்குள்தான் நட்பு, காலம் எல்லாவற்றையும் போல நட்பையும் தேய்த்துவிடும் என்று துருபதன் அவமதிக்கிறான். அன்றைய ஆட்கள் வேறு, இன்றைய ஆட்கள் வேறு என்பதே அவன் வாதத்தின் சாரம். துரோணர் எதிர் எல்லைக்குப் போகிறார். குரு தட்சிணையாகத் துருபதனைச் சிறைப்பிடித்து வரச்செய்து, அவன் நாட்டில் பாதியை எடுத்துக்கொண்டு, இப்போது நாம் சமம் என்கிறார். அவருக்கு எதுவும் மாறவில்லை. அந்த அவமதிப்பு நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. பழிவாங்க வேள்வி செய்து துருபதன் பெற்ற திருஷ்டத்துய்மன், குருட்சேத்திரத்தில் துரோணரின் தலையைக் கொய்கிறான். ஒருவன் எல்லாம் மாறிவிட்டது என்றான். மற்றவர் எதுவும் மாறவில்லை என்றார். இரு பிடிவாதங்களும் சேர்ந்து இரு குலங்களை எரித்தன.

பாகவதத்தின் பத்தாம் கந்தத்தில் வரும் குசேலர் கதையில் வறுமையும் அரசபதவியும் அதேபோல் எதிரெதிரே நிற்கின்றன. சாந்தீபனி முனிவரிடம் கூடப் படித்த ஏழை அந்தணரைக் கண்ணன் தன் கட்டிலில் அமர்த்தி, கால் கழுவி, பேச்சைத் தொடங்குவதே ஒரு பள்ளி நினைவிலிருந்துதான். விறகு கொண்டுவரப் போய் மழையிலும் இருளிலும் காட்டில் வழிதவறிய இரவு நினைவிருக்கிறதா என்று கேட்கிறான். அவர் கூச்சத்தோடு மறைத்த அவலைத் தானே பறித்துத் தின்கிறான். குசேலர் எதையும் கேட்கவில்லை. கண்ணனும் எதையும் சொல்லிக்காட்டவில்லை. நிலைமை மாறியதை இருவரும் அறிவார்கள். அதை நட்புக்கு அளவுகோலாக இருவரும் கொள்ளவில்லை.

அரிஸ்டாட்டில் தம் ஒழுக்க நூலின் ஒன்பதாம் பகுதியில் இதே கேள்வியை எடுக்கிறார். சிறுவயது நண்பர்களில் ஒருவர் அறிவில் சிறுவராகவே நின்றுவிட, மற்றவர் வளர்ந்துவிட்டால், விருப்பு வெறுப்புகள் ஒத்துப்போகாத இருவரும் எப்படி நண்பர்களாக நீடிக்க முடியும் என்று கேட்கிறார். முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் ஒருபோதும் நண்பராக இல்லாதவரைப் போல அவரை நடத்தக் கூடாது. முன்பிருந்த நெருக்கத்தை முன்னிட்டுச் சிறிது கூடுதலாக இடம் தர வேண்டும் என்று முடிக்கிறார். திருவள்ளுவர் இன்னும் விரிந்த மனம் காட்டுகிறார். நட்பு, நட்பாராய்தல் என்ற அதிகாரங்களை அடுத்து, பழைமை என்று எண்பத்தொன்றாம் அதிகாரம் முழுவதையும் நீண்டகால நட்புக்கே ஒதுக்கியிருக்கிறார். பழகியவர் உரிமையோடு செய்வதைப் பொறுக்க வேண்டும். வருந்தத்தக்கதைச் செய்தாலும் அதை அறியாமை என்றோ மிகுந்த உரிமை என்றோ கொள்ள வேண்டும் என்பது அதன் போக்கு. ஓய்வுபெற்ற ஆட்சியரைப் பந்தியில் ஒருவர் ‘வாடா’ என்று அழைப்பதை ஊரும் அவரும் சேர்ந்து ரசிப்பதற்கு இந்த உரிமையே அடிப்படை.

மன்னிப்பு எங்கே நிற்கிறது

பழைய தீங்கு ஒன்று பேச்சில் வரும்போது இதுவரை கண்ட கொள்கைகள் செயலில் சோதிக்கப்படுகின்றன. தீங்கு செய்தவர் முற்றிலும் வேறு ஆளாகிவிட்டார் என்றால், அவரை மன்னிக்க முடியாது. குற்றம் செய்த அந்த ஆள் எங்கும் இல்லை; எதிரே இருப்பவர் எந்தக் குற்றமும் செய்யாதவர்; மன்னிப்புக்கு இடமே இல்லை. அவர் சிறிதும் மாறாத அதே ஆள் என்றாலும் மன்னிப்புக்கு இடமில்லை. தீங்கு செய்த அதே மனம் இன்றும் எதிரே உட்கார்ந்திருக்கும்போது மன்னிப்பது தீங்கை ஏற்றுக்கொள்வதாகிவிடும். ‘ஆம், அது நான்தான்’ என்று சொல்லும் அளவுக்கு ஒருமையும், ‘இன்று அப்படிச் செய்ய மாட்டேன்’ என்று காட்டும் அளவுக்கு மாற்றமும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால்தான் மன்னிப்பு பொருள்படும். நியாயத்தின் பாதியும் பௌத்தத்தின் பாதியும் அதற்குத் தேவை. நாகசேனரும் சமணரும் இரு முனைகளையும் மறுத்து நடுவில் நின்றது வெறும் சமரசம் இல்லை என்பது இங்கே தெளிவாகிறது. ஹன்னா ஆரெண்ட் 1958-இல், செய்ததை மாற்ற முடியாத மனிதச் செயலுக்கு உள்ள மருந்து மன்னிப்பு என்று எழுதினார். அந்த மருந்து வேலை செய்ய வேண்டுமானால் செய்தவர் தொடர்ந்து இருக்க வேண்டும். மாறியும் இருக்க வேண்டும்.

இதிலிருந்து நடைமுறை ஒழுங்கு ஒன்று கிடைக்கிறது. தன் பழைய செயல்களை நோக்கும்போது ஒருவர் நியாயத்தின் பக்கம் நிற்பது தகும்: செய்தது தானே, மறந்திருந்தாலும் தானே. பிறருடைய பழைய செயல்களை நோக்கும்போது பௌத்தத்தின் பக்கம் நிற்பது தகும்: இன்றைய சுடர் அன்றைய அதே சுடர் அன்று. மக்கள் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர்மாறு. தன் தவற்றைச் ‘சின்ன வயசு, விடு’ என்று வேறு ஆளின் கணக்கில் எழுதுகிறார்கள். பிறர் தவற்றை ‘அவன் எப்பவுமே அப்படித்தான்’ என்று அதே ஆளின் கணக்கில் எழுதுகிறார்கள். ஒரே கேள்விக்கு இருவிதமாக விடை சொல்வது முரண்பாடுபோலத் தோன்றலாம். ஆனால் இரண்டு விடைகளும் பாதி உண்மை என்று ஆன பிறகு, எந்தப் பாதியை எந்தப் பக்கம் அழுத்துவது என்பது அறத்தின் பொறுப்பில் வந்துவிடுகிறது.

இந்த ஒழுங்குக்கு ஓர் எல்லை உண்டு. பாதிக்கப்பட்டவரிடம் போய், ‘அவன் மாறிட்டான், மறந்துடு’ என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மன்னிப்பைத் தரவோ மறுக்கவோ உரியவர் அவர் ஒருவரே; கேட்க வேண்டியவர் தீங்கு செய்தவர் ஒருவரே. நன்றிக்கடனும் அப்படியே. பாடம் சொல்லித்தந்த ஆசிரியருக்கும், தேர்வுக் கட்டணம் கட்டப் பணம் கொடுத்து உதவிய தோழருக்கும் பட்ட கடன், பெற்றவர் எவ்வளவு மாறினாலும் தீர்வதில்லை. ஆளின் ஒருமையைத் தத்துவம் நிறுவ முடிந்தாலும் முடியாவிட்டாலும், தான் செய்ததையும் தான் பெற்றதையும் ஒப்புக்கொள்பவரே அதை வாழ்க்கையில் நிறுவுகிறார். பழைய வகுப்புத் தோழர்களின் விருந்து அதற்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு. பலருக்கு அது கடைசி வாய்ப்பும்கூட.